நங்கூர நினைவு

உப்பளத்தில் மாத அளவை நாள் என்றால் காலையிலேயே கேலி தொடங்கிவிடும். ஐம்பத்தைந்து தாண்டியவர்கள் தகரக் கொட்டகை பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்து, ஒவ்வொருவராகப் போய், ஈரத்துணி மாதிரி மண்டையில் ஒட்டிக்கொள்ளும் தொப்பியை மாட்டிக்கொள்ள வேண்டும். அரசாங்கம் அதற்கு நினைவுமானி என்று பெயர் வைத்திருந்தது. பாத்தியில் வேலை செய்கிறவர்களுக்கு அது கரண்டுத் தொப்பி.

"மைனி, அண்ணாச்சி நேத்து என் உப்பு வாருற பலகையத் தூக்கிட்டு வந்து என்கிட்டயே விலை பேசுதாரு," என்றார் பக்கத்துப் பாத்திச் செல்லத்துரை.

"அந்த ஓட்டைப் பலகைய உம்மளத் தவிர எவன் வாங்குவான்?" என்றாள் வேல்கனி.

பெஞ்சே சிரித்தது. அவள் புருஷன் இசக்கிராஜாவும் சிரித்தார், எதற்கு என்று தெரியாமல். வேல்கனியும் சிரித்தாள். ஆனால் அவருடைய மணிக்கட்டைப் பிடித்த பிடியை அவள் விடவில்லை.

மறதிக்காரர் ஒருவர் மோட்டாரை அணைக்காமல் போய், பாத்தித் தண்ணீரில் கரண்டு பாய்ந்து ஆட்கள் செத்த பிறகு வந்த சட்டம் அது. ஒவ்வொருவரும் தன் வாழ்க்கையிலிருந்து ஒரே ஒரு நினைவைப் பதிந்து கொடுக்க வேண்டும். அதுதான் நங்கூர நினைவு. மாதாமாதம் அதை வாசித்துக் காட்டுவார்கள். கேட்கும்போது மூளை எவ்வளவு எழும்புகிறது என்று திரையில் கோடு காட்டும். குறிக்கு மேலே போனால் பச்சை அட்டை கிடைக்கும். வேலையும் உப்பள வீடும் நிலைக்கும். கீழே விழுந்தால் அன்றைக்கே வண்டியில் ஏற்றி மதுரைப் பக்கம் காப்பகத்துக்கு அனுப்பிவிடுவார்கள். பச்சை அட்டைக்காரர் கூடப் போய்த் தங்க முடியாது.

டவுன்காரர்கள் கல்யாணத்தையும் பிள்ளை பிறந்ததையும் பதிந்தார்கள். உப்பளத்து ஆட்கள் அதைவிட விவரமானவர்கள். "சந்தோசமெல்லாம் சாயம் போயிரும். சாவக் குடு, கோடு நட்டமா நிக்கும்" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். கொட்டகை முழுக்க ஆளுக்கொரு சாவைப் பதிந்தது. இசக்கிராஜாவும் வேல்கனியும் பதிந்தது ஒரே சாவு. லாரிக்கு லோடு ஏற்றும்போது உப்புக் குவியல் சரிந்து, அடியில் போன மகன் அகிலன்.

அப்போது அது கெட்டிக்காரத்தனமாகத்தான் இருந்தது.

இசக்கிராஜாவுக்கு மறதி மெதுவாக வந்தது. முதலில் ஆட்களின் பெயர் போயிற்று, பிறகு வீட்டுக்கு வரும் வழி. ஆஸ்பத்திரியில் லேசான மறதிதான் என்றார்கள். வேல்கனிக்கு லேசும் கனமும் தெரியாது. வண்டி தெரியும். அதனால் தினமும் காலையில் டீ ஆற்றிக்கொண்டே பாடம் சொல்லிக் கொடுத்தாள். "உப்பு சரிஞ்சுது. நீங்க வெறுங்கையால தோண்டுனிய. கையெல்லாம் ரத்தம். மொதல்ல வெளிய தெரிஞ்சது அவன் காலு." அவர் தலையாட்டிக் கேட்டுக்கொள்வார். கோடு நின்றது.

பிறகு, தனக்கு அது தெரியும் என்பதையே அவர் மறந்தார். தினமும் காலையில் அகிலன் அன்றைக்குத்தான் செத்தான். டீ டம்ளரைப் போட்டுவிட்டுத் தரையில் உருண்டு அலறுவார். மத்தியானம் கஞ்சிச் சட்டியைத் திறக்கும்போது எல்லாம் அழிந்திருக்கும். "ஏளா, பய சாப்ட்டானா?" என்பார். மறுநாள் விடிந்ததும் அவள் மறுபடியும் அவனைக் கொன்றாள். கோடு முன்னைவிட உயரமாக நின்றது. அளவைக்கு வரும் ஜெனிலா, "ஐயாவுக்கு இந்த வயசுலயும் என்னா ஞாபகம்!" என்று பாராட்டினாள்.

இன்று காலை வேல்கனி டீயோடு வந்தபோது, அவர் வடையைப் பாதியாகப் பிய்த்துக் காகிதத்தில் பொதிந்துகொண்டிருந்தார். "பய வந்தா திம்பான்." சட்டைப் பைக்குள் பத்திரமாக வைத்துத் தட்டிக்கொண்டார்.

அவள் வாயைத் திறந்தாள். அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"டீ ஆறுது, குடிங்க," என்றாள்.

கொட்டகையில் இப்போது அவர் முறை வந்தது. தொப்பியை மாட்டி, ஜெனிலா திரையைப் பார்த்து வாசித்தாள். உப்புக் குவியல், லாரி, மகன் அகிலன்.

"என் பயலையா சொல்லுத?" என்றார் இசக்கிராஜா. "அவன் லோடு ஏத்தப் போயிருக்கான். இப்ப வந்துருவான்."

கோடு பாத்தித் தண்ணீர் மாதிரி அசையாமல் கிடந்தது.

ஜெனிலா வேல்கனியை ஓரமாக இழுத்தாள். "அம்மா, வெளிய கூட்டிட்டுப் போய் ஒரு தடவ சொல்லிக் கூட்டிட்டு வாங்க. நான் திரும்ப எடுக்கேன். யாருக்கும் தெரியாது."

"ஒரு வார்த்தைதான மைனி," என்றார் செல்லத்துரை. அவர் குரலில் இப்போது கேலி இல்லை. "வண்டி வாசல்லயே நிக்கி."

ஒரு வார்த்தைதான். சொன்னால் இன்னும் ஒரு மாதம் அவர் பக்கத்தில் படுத்திருப்பார். வேல்கனி அவரைக் கொட்டகைக்கு வெளியே கூட்டிவந்தாள். வெயிலில் உப்பு கண்ணைக் கூசவைத்தது. அவருடைய சட்டைப் பையில் எண்ணெய் வட்டமாக ஊறியிருந்தது.

"ஏளா, இது யாரு வண்டி?"

"உங்களக் கூட்டிட்டுப் போக வந்திருக்கு. பயலப் பாக்க."

அவர் முகம் மலர்ந்தது. வேட்டியை அவிழ்த்துத் திருத்திக் கட்டினார். உள்ளங்கையில் எச்சில் தொட்டுத் தலைமுடியைப் படிய வாரினார். "நீ வரலியா?"

"பாத்தி கிடக்குல்லா. பொறவு வாரேன்."

"கிறுக்கி. மகனவிட பாத்தி பெரிசாப் போச்சு இவளுக்கு," என்று ஓட்டுநரிடம் சொல்லிக்கொண்டே ஏறினார். வண்டி கிளம்பும்போது பையைத் தொட்டுப் பார்த்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

அவள் கொட்டகைக்குள் திரும்பி வந்தபோது அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். தொப்பி மண்டையில் ஒட்டியது. ஜெனிலா தாழ்ந்த குரலில் வாசித்தாள். உப்புக் குவியல், லாரி, மகன் அகிலன். வேல்கனி கண்ணை மூடி வேறு எதையாவது நினைக்கப் பார்த்தாள். பூ கட்டுவதை நினைத்தாள். மழையை நினைத்தாள். குறிக்குக் கீழே விழுந்தால் அந்த வண்டி திரும்பவும் வரும், அவளையும் அவரிடம் கொண்டுபோய் விடும்.

மழையைத் தள்ளிக்கொண்டு கால்தான் முதலில் தெரிந்தது.

"உங்களுக்கு நல்லா நிக்குதும்மா," என்றாள் ஜெனிலா, அவள் முகத்தைப் பார்க்காமலே, பச்சை அட்டையை நீட்டி.