சூடு போதவில்லை

கால் வைத்திருந்த டப்பில் தண்ணீர் ஈரமாக இருந்தது, சூடாக இல்லை. ஆனாலும் தையல்காரரின் மூக்குக்கண்ணாடியில் ஆவி படிந்துகொண்டே இருந்தது.

சற்றுமுன், மழை பிடித்து மின்சாரம் போன நேரத்தில், மிஷின்மேல் குனிந்திருந்தவரின் தோள்பட்டைகளுக்கு நடுவே யாரோ இஸ்திரிப் பெட்டியை வைத்து எடுத்த மாதிரி ஒரு வலி வந்து போனது. முதுகுத்தண்டுக்குள் இறங்கும் ரத்தக்குழாய் ஒன்று, ஊசிக்காது அகலம்கூட இருக்காது, அடைத்துக்கொண்டது. இது நமக்குத் தெரியும். அவருக்குச் சொல்ல ஆளில்லை. காலில் குளிர் ஏறிவிட்டது என்று நினைத்தார். கட்டிலை எட்டுவதற்குள் இரண்டு முழங்காலும் மடங்க, விளிம்பில் பொத்தென்று உட்கார்ந்து வெந்நீர் கேட்டார்.

மனைவிக்கு ஒரு கண்ணில் ஆபரேஷன் கட்டு. புரை மூடிய இன்னொரு கண் தன் முறைக்குக் காத்திருந்தது. டப்பைத் தடவிப் பார்த்து, அவர் கால்களைத் தூக்கி உள்ளே வைத்து ஊற்றினாள். சூடு போதவில்லை என்றார். கல்யாணமான நாள்முதல் ஒருதரம் திருப்பி அனுப்பாமல் அவர் எந்தக் காபியையும் குடித்ததில்லை. ஏன் என்று கேட்பதை அவளும் எப்போதோ விட்டுவிட்டாள். மறுபடி ஊற்றினாள். போதவில்லை.

அடுத்த கெட்டில் சீறிக்கொண்டே வந்தது.

"கொதிக்குதுங்க. விளாவட்டுமா?"

"உன் கொதி எனக்குத் தெரியாதா? அப்படியே ஊத்து."

"நாக்குதான் மரத்துப்போச்சுன்னு நினைச்சேன். காலுமா?"

ஊற்றிவிட்டுப் போனாள். தண்ணீர் கணுக்காலைத் தொட்டு, விரலிடுக்குகளில் புகுந்து, பூனை வாலால் உரசுவது போல ஆடுசதையை வருடிக்கொண்டு ஏறுவதை அவர் துல்லியமாக உணர்ந்தார். சூடு மட்டும் வரவில்லை. இருட்டில் டப்பு தெரியவில்லை. மழை ஓயாமல் தகரத்தைத் தட்டியது. அறைக்குள் மெல்ல ஒரு வாசனை எழுந்தது, ஏதோ வேகிற மாதிரி. அடுப்பில் தண்ணீரைத் தவிர வேறொன்றும் இல்லை.

காலை வெளியே எடுக்கப் பார்த்தார். பத்து விரலும் எங்கெங்கே இருக்கின்றன என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லியிருப்பார். ஒன்றுகூட அசையவில்லை. தொடையை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். வழுக்கியது. மறுபடி உள்ளே. குனிந்தார். கைச் சுண்டுவிரல் நுனியைத் தண்ணீரில் வைத்தார்.

வெந்தது.

கூப்பிட்டார். மழை. மறுபடி கூப்பிட்டார். கெட்டிலின் விசில். அதோடு அவளே வந்து குனிந்தாள்.

"போதும்" என்றார். பாதிதான் சத்தமாக வந்தது.

அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லை அவள் கேட்டதே இல்லை. சிரித்தபடி கெட்டிலைக் கீழே வைத்தாள். தரையில் உட்கார்ந்து, அவருடைய வலது காலைத் துண்டால் ஏந்தி மடியில் எடுத்துக்கொண்டாள். தடவினாள்.

"என்னங்க இது, சாக்ஸைக் கழட்டாமலா காலை விட்டீங்க?"

அவர் வாழ்நாளில் சாக்ஸ் போட்டதில்லை. சொல்ல வாய் திறந்தார். அதற்குள் அவள் உருவ ஆரம்பித்திருந்தாள். வலிக்கவில்லை. கணுக்காலிலிருந்து. குதிகால் தாண்டி. பக்குவமாக, விரல் விரலாக.

பிழிந்து, மடித்து, கட்டில் ஓரத்தில் வைத்தாள்.

"அந்தக் காலையும் கொடுங்க."