எழும்பிச் சிரி, டினோஜன்!

"கட்!"

விதுர்சன் கத்தினான்.

சவப்பெட்டிக்குள் கிடந்த பிணம் எழும்பவில்லை.

அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. சில நடிகர்களுக்கு 'கட்' சொன்ன பிறகும் நடிப்பு அடங்காது. அதுவும் டினோஜன்! மொன்றியலிலிருந்து டொரொண்டோ வரை எந்தத் தமிழர் கைபேசியைத் திறந்தாலும் அவனுடைய பகிடிதான். கொஞ்சம் கூடுதலாகச் செத்துக் காட்டினால் யார் கேட்பது?

"டினோ அண்ணை... எழும்பி, கமராவைப் பாத்து ஒருக்காச் சிரியுங்கோ. அப்பத்தான் நான் ஓஃப் பண்ணுவன்."

கமராவுக்குப் பின்னால் நின்ற நிருஷாவின் குரல் அது. ஆள் சின்னவள், பிடிவாதம் பெரிது. சென்னையில் தொழில் பழகியவள். பிணமாக நடித்தவர் எழுந்து சிரிக்கும்வரை ஓடுகிற கமராவை நிறுத்தக்கூடாது, நிறுத்தினால் நடிப்பு நிஜமாகிவிடும் என்பது அங்குள்ள சினிமாக்காரர்களின் நம்பிக்கை. அதையும் உடுப்போடு சேர்த்துப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

"டேய், சிரிச்சுத் துலையடா! உனக்குப் பிளேனுக்கு நேரமாச்சு!" என்றான் விதுர்சன்.

விதுர்சன் பெட்டிக்குக் கிட்டப் போனான்.

மூக்கில் பஞ்சு. மார்பின்மேல் கோத்த கைகள். விரல்களுக்குள் செபமாலை.

நெஞ்சு... அசையவில்லை!

மொன்றியலின் பார்க் எக்ஸ்டென்ஷனில் ஒரு தேவாலயத்தின் நிலவறை மண்டபம் அது. வெளியே மாசி மாதத்துப் பனி. ஒப்பாரி வைத்த துணை நடிகர்கள் தங்கள் காட்சி முடிந்து, தெரு முனைக் கடைக்குக் கொத்துரொட்டி சாப்பிடப் போயிருந்தார்கள். மண்டபத்தில் மிச்சம் இருந்தது மூன்று பேர்.

இல்லை... இரண்டு பேரும் ஒரு பிணமுமா?

விதுர்சன் குனிந்து டினோஜனின் கையைத் தொட்டான்.

ஐஸ்!

மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தான். இந்தப் பக்கம் இல்லை. அந்தப் பக்கமும் இல்லை.

"நிருஷா... நாடி... நாடி இல்லை..."

அவள் அலறினாள்.

"911-க்கு அடியுங்கோ அண்ணை, அம்புலன்ஸ் வரட்டும்!"

"பொறு! அடிக்காத!"

"ஏன்?"

"ஒப்பாரி வைச்ச கிறேஸ் அன்ரி நேர்ஸ்தானே? கொத்துக் கடையில நிப்பா. அவ வந்து முதல்ல பாக்கட்டும். ஓடு!"

நிருஷா குளிர்ச்சட்டைகூடப் போடாமல் படியேறி ஓடினாள்.

911 என்றதும் இவன் ஏன் துள்ளினான்?

காரணம் சவப்பெட்டிக்குப் பக்கத்திலேயே இருந்தது. ஒரு வெற்றுக் காகிதக் கப். அதில் இருந்த தேத்தண்ணியில் நித்திரைக் குளிசையைப் பொடியாக்கிக் கலந்தவன் சாட்சாத் விதுர்சன்தான்!

கொல்லவா? ஐயோ, இல்லை. தூங்க வைக்க.

இந்தப் படத்தை இருவரும் சேர்ந்துதான் எழுதினார்கள். புகழ் வந்து தலைகால் தெரியாமல் ஆடும் ஒரு கோமாளி. அவனைப் பார்த்து வயிறெரியும் நண்பன். சிரிப்பும் அழுகையுமாக ஒரு சின்னப் படம். கோமாளி வேடத்தை விதுர்சன் தனக்கென்று எழுதியிருந்தான். காசு போட வந்தவர்களோ, "டினோஜன் நடிச்சால் மட்டும்தான்" என்றுவிட்டார்கள். போஸ்டரில் டினோஜனின் முகம் கதவளவு, விதுர்சனின் பெயர் எறும்பளவு.

இன்று மாலை டொரொண்டோவில் தொலைக்காட்சி நேரடிப் பேட்டி. அழைப்பு வந்ததும் டினோஜனுக்கு மட்டுமே. அவன் பிளேனைத் தவறவிட்டால் அந்த நாற்காலியில் யார்? விதுர்சன்!

கணக்கு நன்றாகத்தான் இருந்தது. ஆனால்...

"மச்சான்... பகிடி விடாதையடா... எனக்குப் பயமாக் கிடக்கு..."

கன்னத்தில் தட்டினான். தலை ஒரு பக்கம் சாய்ந்தது. அப்படியே நின்றது.

"ரெண்டே ரெண்டு குளிசைதான்டா போட்டனான்! அம்மா ஒவ்வொரு நாளும் அதைப் போட்டிட்டுக் காலமை எழும்பித் தோசை சுடுறா! நீ ஏன்டா சாகிறாய்?"

மூச்சு விடட்டும் என்று டினோஜனின் கழுத்து ரையைத் தளர்த்தினான். சேட்டின் மேல் பொத்தானைக் கழற்றினான்.

கழற்றியவன் உறைந்துபோனான்.

கழுத்துக்குக் கீழே, நெஞ்சின் நடுவே, நீளமாக ஒரு பழைய தழும்பு!

இருதய ஒப்பரேஷன்! வில்லரே பள்ளியில் ஒன்றாகப் படித்த நாட்களில் டினோஜனால் ஓட முடியாது. அவனுடைய புத்தகப் பையையும் சேர்த்துச் சுமந்தது இதே விதுர்சன்தான். பொறாமையில் அதையே மறந்துவிட்டானே பாவி!

நாக்கு உலர்ந்தது. தன்னுடைய கப்பை எடுத்து, மிச்சமிருந்த தேத்தண்ணியை ஒரே மிடறாக விழுங்கினான். கசந்தது. சாயம் கூடிப்போச்சு என்று நினைத்துக்கொண்டான். கால்கள் துவண்டன. சுவர்கள் மெல்ல ஆடின. பயம் வந்தால் இப்படியெல்லாம் செய்யுமா?

அப்போதுதான் அந்த யோசனை வந்தது.

கப்!

டினோஜனின் கப்பைக் கழுவிவிட்டால் போதும். இருதய நோயாளி, நடித்துக்கொண்டிருக்கும்போதே போய்விட்டான். யார் சந்தேகிப்பார்கள்? நாளைக்குக் கண்ணீர் அஞ்சலியில் பேச முதலில் கூப்பிடுவதும் இவனைத்தான்.

கப்பை எடுத்துக்கொண்டு மூலையிலிருந்த தண்ணீர்த் தொட்டிக்குத் தள்ளாடிப் போனான். குழாயைத் திறந்தான்.

தண்ணீர் கொட்டியது.

திரும்பிப் பார்த்தான். பெட்டிக்கு வெளியே டினோஜனின் மூக்கு நுனி மட்டும் தெரிந்தது.

குழாயை மூடினான்.

"நீ இல்லாட்டி நான் ஆரைப் பாத்து வயிறெரியிறதடா?"

அழுகை வெடித்தது. பெட்டிக்குத் திரும்பி வந்து, 911-ஐ அழுத்தினான்.

"பொன்ஜூர்..." ஒரு பெண் குரல் பிரெஞ்சில் கேட்டது. எங்கே? யார்? கடைசியாக அவர் என்ன சாப்பிட்டார், என்ன குடித்தார்?

கடைசிக் கேள்வியில் விதுர்சன் டினோஜனின் முகத்தைப் பார்த்தான். சொன்னால் சிறை. சொல்லாவிட்டால் டினோஜன்...

"நித்திரைக் குளிசை! நான்தான் குடுத்தனான்!" பிரெஞ்சில் தொடங்கினான், பயத்தில் பாதி தமிழாக வந்தது. "அவன் இருதய வருத்தக்காரன்! என்னைப் பிடிச்சு உள்ள போட்டாலும் பரவாயில்லை, கெதியா வாங்கோ!"

சில்லென்று எதுவோ அவன் மணிக்கட்டைப் பற்றியது.

ஐந்து விரல்கள்!

"ஆஆஆ!"

கைபேசி பெட்டிக்குள் விழுந்தது. பிணம் எழுந்து உட்கார்ந்தது. மூக்குப் பஞ்சைப் பிடுங்கி எறிந்தது.

"என்ர இருதய வருத்தம் ஞாபகம் வர உனக்கு இவ்வளவு நேரமாடா?"

"நீ... நாடி... கை..."

"ரெண்டு கமக்கட்டுக்குள்ளயும் ரெனிஸ் பந்து. இறுக்கிப் பிடிச்சால் மணிக்கட்டில நாடி தெரியாது. கையைப் பின்வாசல் பனிக்குள்ள வைச்சிட்டு வந்து படுத்தனான். நீ தேத்தண்ணி கலக்கினதை மேக்கப் கண்ணாடியில பாத்தனான் மச்சான். உன்ர பொக்கற்றுக்க அம்மான்ர குளிசைப் போத்தலும் எட்டிப் பாத்தது."

"அப்பவே என்னைக் கேட்டிருக்கலாமேடா..."

"கேட்டால் சொல்லியிருப்பியோ? நீ கப்பைக் கழுவுவியோ, போன் அடிப்பியோ எண்டு பாக்கவேணும் போலக் கிடந்தது." டினோஜனின் குரல் உடைந்தது. "பைப் திறந்த சத்தம் கேக்கேக்க, எனக்கு உண்மையிலேயே நெஞ்சு நிண்டுபோச்சு. நல்ல காலம், மூடினாய்."

விதுர்சன் பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு விம்மினான். இமைகள் ஏனோ கனத்தன.

"மன்னிச்சுக்கொள்ளடா... அப்ப அந்தத் தேத்தண்ணி? ஊத்திப்போட்டியோ?"

"சீச்சீ! நல்ல தேத்தண்ணியை ஆரும் ஊத்துவினமோ? நீ கமராவுக்குள்ள எட்டிப் பாத்த நேரம் கப்பை மாத்தி வைச்சனான். எனக்கு எண்டு போட்டது உனக்குக் கூடாதோ?"

விதுர்சன் தன்னுடைய வெற்றுக் கப்பைப் பார்த்தான். கசப்பு!

"இன்னொண்டு," டினோஜன் சட்டைப் பையிலிருந்து கைபேசியை எடுத்து நீட்டினான். "டொரொண்டோக்காரரிட்டச் சண்டை பிடிச்சு உன்னையும் பேட்டிக்குச் சேர்த்தனான், விசரா. ரெண்டு டிக்கெட். மேக்கப் முடியச் சொல்லுவம் எண்டு இருந்தன். அதுக்குள்ள நீ தேத்தண்ணி கலக்க வெளிக்கிட்டிட்டாய்."

"ரெண்டு... டிக்கெட்..."

விதுர்சன் மெதுவாகச் சரிந்து, சவப்பெட்டிக்குக் கீழே நீட்டி நிமிர்ந்து படுத்தான்.

பெட்டிக்குள் விழுந்த போன் "அலோ? அலோ?" என்று கூப்பிட்டது. டினோஜன் எடுத்தான்.

"ஓம் மடாம், அம்புலன்ஸ் வரட்டும். ஆள் மட்டும் மாறிப்போச்சு."

படிகளில் தடதடவென்று காலடிகள். நிருஷா, பின்னால் மூச்சிரைக்கக் கிறேஸ். உட்கார்ந்திருந்த பிணத்தைக் கண்டு நிருஷா மறுபடியும் அலறினாள். கிறேஸ் அலறவில்லை. தரையில் கிடந்தவனின் நாடியைப் பிடித்து, இமையை விரித்துப் பார்த்தார்.

"இவனுக்கு ஒண்டும் இல்லை. நல்ல நித்திரை. குறட்டை கேக்குதெல்லோ?"

டினோஜன் நெஞ்சைத் தடவிக்கொண்டான். பிறகுதான் கமராவின் சிவப்பு விளக்கைப் பார்த்தான்.

"நிருஷா... எல்லாம் பதிவாச்சோ?"

"நீங்கள் சிரிக்கேல்லையே அண்ணை, நான் எப்பிடி நிப்பாட்டுறது?"

டினோஜன் கமராவைப் பார்த்து, பல் முழுக்கத் தெரியச் சிரித்தான்.

"சரி, இப்ப ஓஃப் பண்ணட்டோ?"

"பொறு தங்கச்சி!" டினோஜன் தரையைக் காட்டினான். "கீழ ஒண்டு கிடக்கு. அதுவும் எழும்பிச் சிரிக்கட்டும்... கமரா பற்றறி அதுவரைக்கும் காணும்தானே?"