உள்ளிழுத்த ஆமாம்

பின் இருக்கையின் இடதுபக்கக் கண்ணாடியில் மட்டும் உள்ளே ஆவி படிந்திருந்தது.

நாட்டின் வடகோடியில், லூலியோ விமான நிலையத்துக்கு வெளியே ஜூலை வெயில் நேராக அடித்துக்கொண்டிருந்தது. வரிசையில் நின்ற வாடகைக் கார்களெல்லாம் உலர்ந்து பளபளத்தன. ஹில்லெவிக்கும் அவள் கணவனுக்கும் ஒதுக்கிய சாம்பல் நிறக் காரில் மட்டும், பனிக்காலத்துப் பேருந்தில் யாரோ கண்ணாடியில் முகத்தை வைத்துத் தூங்கிப்போனது போல, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வெள்ளைத் திட்டு. ஹில்லெவி கதவைத் திறந்து கையை உள்ளே விட்டு, விரலால் அதைத் துடைத்தாள். விரல் வழுக்கியது. வெளியே எடுத்தபோது அதிலிருந்து மெல்லிய நூல் ஒன்று இழுபட்டு, நீண்டு, அறுந்து அவள் மணிக்கட்டில் ஒட்டியது.

அடுத்த நொடி அந்த வாடை வந்தது. புளிப்பும் உப்பும் அழுகலும் கலந்து, மூக்கில் ஏறாமல் நேராகத் தொண்டைக்குள் இறங்கிய வாடை. அவள் கர்ச்சீப்பால் விரலைத் துடைத்தாள். கர்ச்சீப்பைத் திரும்பப் பைக்குள் வைக்க மனம் வரவில்லை. குப்பைத் தொட்டியில் போட்டாள்.

"அது புளிச்ச மீனுங்க," என்றார் சாவி கொடுக்க வந்த இங்வார். கம்பெனிச் சட்டை போட்ட பெரிய மனிதர். கூச்சத்தில் காது மடல் சிவந்திருந்தது. "போன வாரம் எடுத்துட்டுப் போன ஆளு டப்பாவைக் காருக்குள்ளேயே திறந்துட்டாரு போல. மூணு தடவை கழுவியாச்சு. போகமாட்டேங்குது."

"திறந்தாரான்னு அவர்கிட்ட கேட்டீங்களா?"

"எங்கங்க? காட்டுப்பாதை ஓரமா வண்டி நின்னுச்சு, சாவியோட. நாங்கதான் போய் ஓட்டிட்டு வந்தோம். ஆளு வேற யார் வண்டியிலயாவது ஏறி ஊர் போய்ச் சேர்ந்திருப்பாரு."

அவள் கணவன் ரூனே காருக்குள் தலையை விட்டு, மார்பு விரிய முகர்ந்தான். "ஆகா! எங்கம்மா சமையல்கட்டு!"

"உங்கம்மா சமையல்கட்டுல நான் ஒருநாளும் வாய் வச்சதில்ல."

"அதனாலதான் எங்கம்மாவுக்கு இன்னும் உன்னைப் பிடிக்கல."

இங்வார் சிரித்தார். மீனைப் புளிக்க வைத்து டப்பாவில் அடைத்து, கோடையில் தோட்டத்தில் உட்கார்ந்து திறந்து தின்பது இந்தக் கடற்கரை வழக்கம். அந்த நாற்றத்தை இங்கே யாரும் குறை சொல்லமாட்டார்கள். நாறினால் மீன், வேறு என்னவாக இருக்கும்?

"வேற கார் எதுவும் இல்லியே?" என்றான் ரூனே.

"ஜூலை மாசத்துலயா?"

"சரி ஹில்லெவி, இதையே எடுத்துக்கலாமா?"

"ஷ்ஷுப்."

வடக்கத்திக்காரர்கள் ஆமாம் என்று வாய் திறந்து சொல்வது குறைவு. உதட்டைக் குவித்து, சூடான காபியை உறிஞ்சுவது போல மூச்சை வெடுக்கென்று உள்ளே இழுப்பார்கள். சம்மதம் முடிந்தது. ஹில்லெவியும் ரூனேயும் தெற்கே யோத்தேபோரியில் குடியிருந்த ஒன்பது வருடங்களில் இந்தப் பழக்கம் நாக்கிலிருந்து போயிருந்தது; காலையில் விமானம் தரையைத் தொட்டதும் இருவருக்கும் திரும்ப வந்துவிட்டது. ஆகவே இங்வார்தான் ஆமாம் சொன்னார் என்று ஹில்லெவி நினைத்தாள். அவள்தான் சொன்னாள் என்று நினைத்த ரூனே பெட்டிகளைத் தூக்கி உள்ளே வைத்தான்.

அவளுக்கு இது ஐந்தாம் மாதம். இதற்கு முன் இரண்டு முறை, மூன்றாம் மாதத்தைத் தாண்டாமலே போய்விட்டது. இரண்டாவது முறை மருத்துவமனையிலிருந்து வந்த பிறகு ரூனே ஒரு வாரம் அவளுக்குத் தலை வாரிவிட்டான். இந்த முறை குழந்தை தங்கிவிட்டது. போன செவ்வாய்க்கிழமை முதன்முதலாக உள்ளே அசைந்தது, மீன் வாலைத் திருப்புவது போல. அன்று ராத்திரியே ரூனே விமானச்சீட்டு வாங்கினான். "பிள்ளை வந்ததுக்கப்புறம் நம்ம ரெண்டு பேர் மட்டும் எங்க போகப்போறோம்? நம்ம ஊர்ப் பக்கம் போயிட்டு வரலாம் வா."

ஊர் அழகாகத்தான் இருந்தது. தேவாலயத்தைச் சுற்றிச் சிவப்புக் குட்டி வீடுகள், வெள்ளை ஜன்னல்கள். துறைமுகத்தில் ஏலக்காய் ரொட்டியும் காபியும் வாங்கிக்கொண்டு, காற்று முகத்தில் அடிக்க உட்கார்ந்திருந்தார்கள். வெளியே இருந்த வரை ஹில்லெவிக்கு ஒன்றுமில்லை. ஒவ்வொரு முறை காருக்குள் ஏறும்போதும் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

மதியத்துக்குள் அவளுக்கு ஒன்று தெரிந்துவிட்டது. இது மீன் இல்லை. மீன் நாற்றம் ஒரே அளவாக நிற்கும். இது வந்து வந்து போனது. பல் துலக்காமல், காய்ச்சலில், வாயைத் திறந்து வைத்துக்கொண்டு பல நாள் படுத்துக்கிடந்த ஒருவரின் முகத்துக்கு அருகே குனிந்தால் வருமே, அது. சளியும் பழைய ரத்தமும் படிந்த நாக்கின் வாடை.

"உனக்கு இப்போ மூக்கு நாய் மூக்குடி," என்றான் ரூனே, பாசமாக. "நேத்து என் சோப்பு வாசனைக்கே குமட்டலை?"

அதுவும் உண்மைதான். அவள் ஜன்னலை இறக்கி வைத்துக்கொண்டு, ஆறு பாறைகளில் பாய்ந்து இறங்கும் இடத்தைப் பார்க்க வந்தாள். தண்ணீரின் சாரலில் அரைமணி நேரம் நின்றாள். திரும்பி வந்து உட்கார்ந்ததும் அசதியில் கண் சொருகியது. ஹோட்டலுக்குப் போகலாம் என்று சொல்ல நினைத்தாள். அதற்குள் தூங்கிப்போனாள்.

கழுத்து நனைந்த உணர்வில் விழிப்பு வந்தது.

தார்ச்சாலை இல்லை. இருபுறமும் பைன் மரங்கள் நெருக்கிய சரளைக் கற்பாதை. சாயங்காலம் ஏழு மணி. சூரியன் மரங்களுக்கு மேலே அசையாமல் நின்றது, இந்த மாதத்தில் நடுராத்திரி வரை அது இறங்கப்போவதும் இல்லை. ஜன்னல் ஏற்றப்பட்டிருந்தது.

"எங்க போறோம்?"

"எங்கப்பா மீன் பிடிச்ச ஏரிக்குத்தான். போலாமான்னு கேட்டேன், சரின்னியே."

"நான் தூங்கிட்டிருந்தேன் ரூனே."

"தூக்கத்துலதான் நீ நல்ல பொண்டாட்டி. எது கேட்டாலும் சரி. ஜன்னலை ஏத்தட்டுமா, சரி. இன்னும் உள்ள போகட்டுமா, சரி. மூணு தடவை கேட்டேன்."

அவள் பின்கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். முடி கற்றையாகப் பிசுபிசுத்தது. தலை சாய்க்கும் திண்டு முழுக்க ஈரம். வியர்வை என்று சொல்லிக்கொண்டாள். ஆனால் கை முன்பக்கம் வந்தபோது விரல்களுக்கிடையில் அந்த நூல் இழுபட்டது.

"ரூனே, திருப்பு. இப்பவே."

குரலில் இருந்ததைக் கேட்டு அவன் சிரிக்கவில்லை. "சரிம்மா. திரும்ப இடம் கிடைக்கட்டும்."

இடம் கிடைப்பதற்கு முன் பாதைக்குக் குறுக்கே பிர்ச் மரம் ஒன்று விழுந்து கிடந்தது. அதற்கப்பால் பாதை அகலமாகத் தெரிந்தது. ரூனே இறங்கினான். கதவு திறந்த அந்த நிமிடத்தில் கொசுக்கூட்டம் கரும்புகையாக அவனைச் சூழ்ந்தது. காருக்குள் ஒன்றுகூட வரவில்லை. கதவு விளிம்பு வரை வந்து, சுவரில் மோதியது போலத் திரும்பிப் போயின.

"பார்த்தியா? மீன் வாடைக்கு இந்த ஒரு பலனாவது இருக்கு," என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினான்.

இயந்திரம் நின்றிருந்தது. அமைதி. கண்ணாடிக்கு வெளியே பத்தடி தள்ளி ரூனே கிளைகளை முறித்துக்கொண்டிருந்தான். முறியும் சத்தம் உள்ளே மங்கலாகக் கேட்டது. ஹில்லெவி வயிற்றில் கை வைத்துக்கொண்டாள். கடந்த சில நாட்களாகக் குழந்தையிடம் பேசுவது அவளுக்குப் பழக்கமாகியிருந்தது.

"பாப்பா. நல்லா இருக்கியா?"

"ஷ்ஷுப்."

பின்னாலிருந்து.

அவள் திரும்பவில்லை. ரூனேயைப் பார்த்தாள். அவன் முதுகைக் காட்டிக் குனிந்திருந்தான். கை இரண்டும் மரத்தில்.

காலையில் இங்வார் சொல்லாத ஆமாம். தூக்கத்தில் அவள் சொல்லாத மூன்று ஆமாம்கள். ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. யாரும் ஏமாற்றவில்லை. கேட்டவர்கள் கேட்டார்கள். பதில் வந்தது. இந்த ஊரில் யாரும் அதை யார் சொன்னது என்று திரும்பிப் பார்க்கமாட்டார்கள்.

"யாரது?"

ஒன்றுமில்லை. அதற்கு ஆமாம் தவிர வேறு சொல் தெரியாது.

"யாராவது... இருக்கீங்களா?"

"ஷ்ஷுப்."

இப்போது காதுக்கு அருகில். உதடுகள் ஒட்டிப் பிரியும் ஈரச் சத்தம் அதில் இருந்தது.

கதவுப் பிடியைத் தேடினாள். விரல்கள் வழுக்கின. அப்போது அது, காலையிலிருந்து முதன்முறையாக, காதில் கேட்கும்படி மூச்சை வெளியே விட்டது. வெதுவெதுப்பாக. நீளமாக. பின்கழுத்திலிருந்து கன்னம் வரை தடவிக்கொண்டு. முடியும் இடத்தில் அந்த மூச்சு மெல்ல மேலே ஏறியது, கேள்வி கேட்கும்போது குரல் ஏறுவது போல.

ஹில்லெவி திடுக்கிட்டாள். திடுக்கிட்டால் மனிதர்கள் மூச்சை இழுப்பார்கள். அவள் வடக்கத்திக்காரி, பேச்சு வந்த நாளிலிருந்து பழகிய உதடுகள் தாமாகக் குவிந்தன.

"ஷ்ஷுப்."

வாய் நிறைய அந்தக் காற்று. காற்று மட்டுமில்லை. முட்டையின் வெள்ளைக் கருவைப் பச்சையாக விழுங்கியது போலக் குளிர்ந்த ஏதோ ஒன்று நாக்கின் மேல் வழுக்கி, தொண்டையில் ஒரு கணம் தங்கி, தானாகக் கீழே இறங்கியது.

அவள் கதவைத் தள்ளிக்கொண்டு பாதையில் மண்டியிட்டு விழுந்தாள். விரலைத் தொண்டைக்குள் விட்டாள். ஓங்கரித்தாள். காபி வரவில்லை, ரொட்டி வரவில்லை. எச்சில்கூட வரவில்லை.

ரூனே ஓடிவந்து அவளை அணைத்துக்கொண்டான். அவள் சொன்னதை முழுக்கக் கேட்டான். பிறகு எழுந்து போய்ப் பின்கதவைத் திறந்து, இருக்கைக்கு அடியில், பெட்டிகளுக்குப் பின்னால், எல்லா இடமும் கையால் துழாவினான்.

"பின்சீட்டுப் பெரியவரே! இறங்குறீங்களா?"

பதில் இல்லை.

"இல்ல, இங்கயேதான் குடியிருக்கீங்களா?"

பதில் இல்லை. "பாரு கண்ணு. யாருமில்ல. கண்ணாடிகூடக் காஞ்சு போச்சு. வாடைகூடக் குறைஞ்ச மாதிரி இருக்கு."

"நடந்து போலாம்."

"தார் ரோடு நாற்பது கிலோமீட்டர். இந்த வயித்தோட, இந்தக் கொசுவுலயா? நான் உன் பக்கத்துல இருக்கேன். நாலு ஜன்னலையும் திறந்து வைக்கிறேன். ரெண்டு மணி நேரத்துல ஆஸ்பத்திரி. டாக்டர் பார்த்துட்டு நல்லா இருக்குன்னு சொன்னாதான் எனக்கும் தூக்கம் வரும்."

அவள் ஏறினாள். குழந்தைக்காகத்தான் ஏறினாள். ரூனே மரத்தை ஓரமாகத் தள்ளி, அப்பாலிருந்த அகலமான இடத்தில் வண்டியைத் திருப்பினான்.

அவன் சொன்னது உண்மை. கார் சுத்தமாக இருந்தது. திண்டு உலர்ந்திருந்தது. பைன் பிசின் வாசனையும் சூடான சரளை வாசனையும் ஜன்னல்கள் வழியே உள்ளே ஓடின. சிறிது தூரம் போனதும் ஒரு கொசு உள்ளே வந்தது. பிறகு இன்னொன்று. ரூனே தன் கையில் ஒன்றை அடித்துக் கொன்று அவளிடம் காட்டிச் சிரித்தான். பத்து கொசுக்கள் அவன் கழுத்தில் உட்கார்ந்தன.

அவள் மேல் ஒன்றும் உட்காரவில்லை.

அவள் வாயை இறுக மூடிக்கொண்டாள். நாக்கின் அடியில் புளிப்பு ஊறியது. விழுங்கினாள். மீண்டும் ஊறியது. அந்த வாடை எங்கும் போகவில்லை. இப்போது மூக்குக்கு உட்புறமிருந்து வந்தது. சொல்லவேண்டும். வாயைத் திறந்தால் என்ன வரும் என்று தெரியவில்லை.

ரூனே கியரிலிருந்து கையை எடுத்து அவள் முழங்காலில் வைத்தான்.

"இன்னும் பயமா?"

அவள் அவன் கையை இறுகப் பற்றினாள்.

"பாப்பா அசையுதா?"

உதடுகளை இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டாள். கண்களில் நீர் வழிந்தது. சீட் பெல்ட்டுக்குக் கீழே, சட்டைக்குக் கீழே, ஐந்து மாதம் உயர்ந்திருந்த வயிற்றின் நடுவே தோல் ஒரு சிறு வாயாகக் குவிந்தது.

"ஷ்ஷுப்."

"அப்பாடா," என்றான் ரூனே, சாலையைப் பார்த்தபடி.

வயிறு உள்ளே போனது. சட்டைத் துணியையும் இழுத்துக்கொண்டு, பெல்ட்டின் விளிம்பையும் இழுத்துக்கொண்டு. போய்க்கொண்டே இருந்தது.