ஏழாம் எண் சாவி

காந்தங்கள் முனகிக்கொண்டிருந்தன. காலை பத்து மணிக்கு, எந்திரத்துக்கு மின்சாரம் நிறுத்தப்பட்ட சுரங்கத்தில், ஈ பறக்கும் சத்தம்கூடக் கேட்கக் கூடாது. குழாய் இணைப்பின்மேல் குனிந்திருந்தவள் காதைத் தீட்டிக்கொண்டு நிமிர்ந்தாள்.

அது பழைய துகள் முடுக்கி. நாற்பது ஆண்டுகளுக்கு முன் துகள்களை மோதவிட்டு உலகத்தையே திரும்பிப் பார்க்கவைத்த வளையம், இப்போது பக்கத்தில் பதினைந்து மடங்கு பெரிதாகக் கட்டியிருக்கும் புதிய வளையத்துக்கு எடுபிடி. துகள்களுக்கு முதல் வேகம் கொடுத்து அனுப்புவதோடு அதன் வேலை முடிந்தது. பதினொரு மணிக்குப் புதியதன் திறப்புவிழா. பழையதன் குழாய் இணைப்பில் அவள் கண்டுபிடித்த விரிசல் தலைமுடி அளவுதான், ஆனால் விழாவை ஒரு மாதம் தள்ளிப்போட அது போதும். காலையிலேயே அண்ணனிடம் சொல்லியிருந்தாள். அவளுக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே அவன்தான். திறப்புக்கும் அவனே பொறுப்பு.

சட்டைப்பையைத் தொட்டாள். ஏழாம் எண் சாவி இருந்தது. உள்ளே போகிறவர் கதவருகே உள்ள பலகையிலிருந்து ஒரு சாவியை எடுத்துக்கொள்ள வேண்டும். எந்திரம் ஓடும்போது உள்ளே இருப்பவரைக் கதிர்வீச்சு கொன்றுவிடும் என்பதால், எல்லாச் சாவியும் திரும்பும்வரை அது உயிர்பெறாது. அப்படியென்றால் பயப்பட ஒன்றுமில்லை. ஆனாலும் பயமாகத்தான் இருந்தது.

சுவர்த் தொலைபேசியில், கதவுக்கு வெளியே இருந்த பதிவு மேசையை அழைத்தாள். அண்ணன்தான் எடுத்தான்.

"அண்ணா, காந்தத்துக்கு கரண்ட் வருது. பாத்தியா?"

"சும்மா டெஸ்ட் பண்றாங்கம்மா. சாவி உன்கிட்டதானே இருக்கு, அப்புறம் என்ன?" குரலைத் தாழ்த்தினான். "விரிசல் விஷயம் வேற யார்கிட்டயாவது சொன்னியா?"

"உன்கிட்ட மட்டும்தாண்ணா."

"சரி. அங்கேயே இரு. நானே வரேன்."

முனகல் ஏறியது, பல்லின் வேர்வரை கூசியது, கம்பிச் சுருள்கள் சூடேறும் வாசனை மெல்ல மெல்லச் சுரங்கத்தை நிறைத்தது. விளக்குகள் ஒருமுறை அணைந்து எரிந்தன. வெளியேறச் சொல்லும் கடைசி எச்சரிக்கை அது. அதற்கு முன் இருவர் வளையம் முழுக்க நடந்து, குரல் கொடுத்துத் தேடிவிட்டு, பதிவேட்டில் கையெழுத்திட வேண்டும். யாரும் நடந்து வரவில்லை. யாரும் கூப்பிடவில்லை.

சுவரிலிருந்த சிவப்பு நிறுத்தப் பொத்தானை அமுக்கினாள். முனகல் நிற்கவில்லை. அடுத்த பொத்தான். அதுவும் அப்படியே.

ஓடினாள்.

கதவு பூட்டியிருந்தது. தடித்த கண்ணாடிச் சன்னலுக்கு அப்பால் சாவிப் பலகை. எல்லா இடமும் நிறைந்திருந்தது. ஏழாவதிலும் ஒரு சாவி தொங்கியது. புத்தம் புதியது.

கூடப் பிறந்தவன். அவனா? செத்துப்போவோம் என்பதைவிட அதுதான் நெஞ்சைப் பிளந்தது.

அண்ணன் மேசையருகே நின்று எழுதிக்கொண்டிருந்தான். அவள் கண்ணாடியை அறைந்தாள். நிமிர்ந்தான். பார்த்தான். நன்றாகவே பார்த்தான். அவனுக்குப் பின்னால் விருந்தினர் கூட்டம் சிரித்துப் பேசிக்கொண்டு படியிறங்கியது.

திறந்த பதிவேட்டைத் தூக்கிவந்தான். சன்னலில் கவிழ்த்து அழுத்தினான்.

சுரங்க விளக்குகள் அணைந்தன. இருட்டு. முனகல். கண்ணாடியில் மட்டும் மங்கலான வெளிச்சம். அதில் ஒரே ஒரு வரி: உள்ளே யாரும் இல்லை. அதன்கீழ் அண்ணனின் கையெழுத்து, மை காயாமல் கண்ணாடியில் ஒட்டி வழிந்துகொண்டிருந்தது.