கைதட்ட வந்தவர்கள்

மூன்றாவது வரிசையில் ஒரு பொம்மை மட்டும் தூங்கவில்லை.

தமிழ்செல்வி கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடியும் பார்த்தாள். கணினித் திரையில் அந்த அரங்கம் நிறைந்திருந்தது. பட்டுப்புடவை, கோட்டு சூட்டு, வேட்டி சட்டை என்று விதவிதமான பொம்மைகள். கொஞ்ச நேரம் தொடாமல் விட்டால் பொம்மையின் தலை மார்பில் சாய்ந்துவிடும். ஒவ்வொன்றாகத் தொட்டு, கீபோர்டில் அந்த நீளப் பொத்தானைத் தட்டினால்தான் தலை நிமிரும். அவள் எழுந்து போய்த் தண்ணீர் எடுத்து வந்து குழந்தைக்கு மாத்திரை கொடுப்பதற்குள் எல்லாத் தலையும் சாய்ந்திருக்க வேண்டும். சாய்ந்துதான் இருந்தன. ஒரு வெள்ளைச் சட்டை மட்டும் கழுத்து வளையாமல் மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொண்டாள். தூக்கம் கெட்ட கண்ணுக்கு எதுதான் நேராகத் தெரிகிறது?

அமெரிக்காவில் இருக்கிற நம்மவர்கள் கணினிக்குள்ளேயே ஒரு நகரம் இருப்பதைக் கண்டுபிடித்து, அங்கே ஒரு மண்டபம் எடுத்து, ஏழைக் குழந்தைகளின் ஆபரேஷனுக்காக மாதாமாதம் விழா நடத்தினார்கள். பரதநாட்டியம், பட்டிமன்றம், ஏலம் எல்லாம் உண்டு. ஆடுவதும் பொம்மை, பேசுவதும் பொம்மை, பார்ப்பதும் பொம்மை. காலி நாற்காலியைப் பார்த்தால் கொடுக்கிற கை சுருங்கிவிடும் என்பது ஊரறிந்த சங்கதி. அதனால் நாற்காலியை நிரப்புகிற வேலை கடல் தாண்டி, மூக்கண்டப்பள்ளியில் டூல்ஸ் கடைக்கு மேலே இருக்கும் ஹரீஷ்குமாரின் ஆபீசுக்கு வந்து சேர்ந்தது. மாநாட்டுக்கு லாரியில் ஆள் ஏற்றுகிற ஊரில் இது ஒன்றும் புதுத் தொழில் இல்லை. ஹரீஷ்குமார் பெங்களூரில் இருந்துகொண்டு போனில் விரட்டுவான். பொம்மைகளைக் கைதட்ட வைப்பது தமிழ்செல்வியும் நஞ்சம்மாவும்.

அமெரிக்காக்காரர்களுக்குச் சனிக்கிழமை ராத்திரி என்றால் இங்கே ஞாயிற்றுக்கிழமை காலை. வெளியே மார்கழி வெயில் நன்றாக ஏறியிருந்தது. திரையில் வெளிச்சம் அடிக்கிறது என்று ஷட்டரை முக்கால்வாசி இறக்கிவிட்டதில், உள்ளே மட்டும் விடியாத மாதிரி இருந்தது. வாரம் முழுக்க வேலை பார்த்த உடம்பு ஞாயிற்றுக்கிழமையும் நாற்காலியில் உட்காரும்போது அதற்கென்று ஒரு வலி வரும். முதுகில் தொடங்கிக் கண்ணில் முடியும் வலி. அவளுக்கு அது மூன்று மாதமாக இருந்தது.

போதாததற்கு சுவாதிக்குக் காய்ச்சல். புருஷன் மோகன்குமார் கம்பெனியில் ஷிஃப்டுக்கு மேல் ஷிஃப்ட். பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டுக்காரர்கள் ராயக்கோட்டைக்கு விசேஷத்துக்குப் போய்விட்டார்கள். ஆறு வயதுப் பிள்ளையைத் தனியாக எங்கே விடுவது? மத்திகிரியிலிருந்து டவுன் பஸ்ஸில் தூக்கி வந்து, மேஜைக்கடியில் போர்வை விரித்துப் படுக்க வைத்திருந்தாள். அந்தப் பிள்ளை ஒன்றுதான் அவளுக்கு இந்த ஊர் கொடுத்தது. மற்றதெல்லாம் இந்த ஊர் வாங்கிக்கொண்டது.

படுக்குமுன் சுவாதி திரையைப் பார்த்து, "எனக்கும் ஒரு பொம்மை போடும்மா" என்று கேட்டிருந்தாள். காய்ச்சல்காரப் பிள்ளை கேட்டால் மறுக்க முடியுமா? ஒரு நாற்காலி காலியாகவும் இருந்தது. பெயர் சுவாதி, பிறந்த தேதி இன்னது என்று தட்டி, மஞ்சள் கவுன் மாட்டி, முதல் வரிசையின் ஓரத்தில் உட்கார வைத்தாள். பிள்ளை சிரித்துக்கொண்டே தூங்கிப்போனது.

தமிழ்செல்வி வெள்ளைச் சட்டைப் பொம்மையின் மேல் அம்புக்குறியை வைத்தாள். பெயர் தெரிந்தது. பாஸ்கரன்.

வாசனை வந்தது அப்போதுதான். புளித்த மைதா மாவு வாசனை. போஸ்டர் ஒட்டுகிறவர்கள் வாளியில் கரைத்து வைத்திருப்பார்களே, அந்தப் பசை.

"அக்கா, கீழ யாராச்சும் போஸ்டர் ஒட்டுறாகளா?"

எதிர் மேஜையிலிருந்து நஞ்சம்மா எட்டிப் பார்த்தாள். பாகலூர்ப் பக்கத்துக்காரி, வீட்டில் கன்னடம், வெளியே தமிழ். "ஞாயித்துக்கெழமை எவன் ஒட்டறான்? ஏன், மொகமே ஒரு மாதிரி கீது உனக்கு?"

"ஒண்ணுமில்லக்கா. இந்தா இந்த பாஸ்கரன் தல சாய மாட்டேங்குது."

"எந்த பாஸ்கரன்?"

சொல்ல வேண்டியதாயிற்று. ஹரீஷ்குமார் மூன்று மாதம் முன்னால், "நாப்பது பேரு வேணும், நெஜமான பேரா இருக்கணும், நாளைக்கு யாரும் வந்து என் பேரை ஏன் போட்டேன்னு சண்டைக்கு நிக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டான். யோசிக்கத் தெம்பில்லாமல் பஸ் ஸ்டாப்பில் நின்றவளுக்கு எதிர்ச் சுவரில் வழி கிடைத்தது. வரிசையாகக் கண்ணீர் அஞ்சலி போஸ்டர்கள். ஒவ்வொன்றிலும் படம், பெயர், தோற்றம், மறைவு. பிறந்த தேதி கூட அச்சடித்துக் கொடுத்திருக்கிறார்கள். சண்டைக்கு வர மாட்டாதவர்கள் இவர்களைவிட யார்? தினம் நாலைந்தாகப் பார்த்து எழுதி நாற்பதையும் நிரப்பிவிட்டாள். தன் கெட்டிக்காரத்தனத்தை நினைத்து அன்றைக்கு அவளுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

நஞ்சம்மா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள்.

"பேடாம்மா, வேணாம்... செத்தவங்களையா கூப்ட்டு உக்கார வெச்சிருக்கற?"

"பேருதானக்கா."

"வெளா முடியச்சொல்ல எல்லாத்தையும் என்னா சொல்ல வெக்கற?"

விழா முடியும்போது ஒவ்வொரு பொம்மையின் தலைக்கு மேலும் ஒரு வரி வரும். அந்த வரியைத் தட்டி வைத்ததும் அவள்தான். போயிட்டு வர்றோம்.

"சாவு வூட்டுல நாமளே வர்றேன்னு சொல்லாத கெளம்பறோம். நீ போனவங்க வாயால சொல்ல வெச்சிருக்கற. ஒரு தரம் இல்ல, மூணு வெளாவா." நஞ்சம்மாவின் பார்வை முதல் வரிசைக்குப் போனது. மஞ்சள் கவுனில் நின்றது. "அது யாரு, உம் பொண்ணா?"

"புள்ள கேட்டுச்சு..."

நஞ்சம்மா மேஜைக்கடியில் ஒரு தடவை குனிந்து பார்த்தாள். பிறகு கைப்பையை எடுத்து மாட்டிக்கொண்டு, ஷட்டருக்கடியில் குனிந்து, படியிறங்கிப் போய்விட்டாள். வர்றேன் என்று சொல்லவில்லை. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சாவு வீட்டிலிருந்து கிளம்புகிற மாதிரியே போனாள்.

தமிழ்செல்விக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, பயத்தில் இல்லை, அலுப்பில். இனி நாற்பதையும் அவளே எழுப்ப வேண்டும். மேடையில் பரதநாட்டியம் முடிந்து யாரோ நன்றியுரை சொல்லிக்கொண்டிருந்தார்கள். முதலில் பிள்ளையின் பொம்மையை அழித்துவிடலாம் என்று மஞ்சள் கவுனின் மேல் அம்புக்குறியைக் கொண்டுபோனாள். விழா நடக்கும்போது யாரையும் வெளியேற்ற முடியாது என்று திரை சொன்னது.

மின்விசிறி நின்றது. விளக்கு அணைந்தது. பவர் கட்; அந்த வருஷம் அது வேளை தவறாத விருந்தாளி. யு.பி.எஸ். பெட்டி மேஜைக்கடியிலிருந்து பீப் என்று ஒரு குரல் கொடுத்தது, இடைவெளி விட்டு இன்னொன்று. ஹாலில் மற்றக் கணினிகள் எல்லாம் இருண்டு, அவள் திரை மட்டும் எரிந்தது. டூல்ஸ் கடையில் ஞாயிற்றுக்கிழமை ஆள் இல்லை. ரோட்டில் லாரிச் சத்தமும் இல்லை. பீப். பசை வாசனை இப்போது ஈரமாக, கிட்டத்தில், யாரோ கையை அலம்பாமல் வந்து நிற்பது போல இருந்தது. அதோடு கசங்கிய சாமந்தியின் வாசனை.

அப்புறம் சத்தம். சரக், சரக் என்று ஈரத் துடைப்பத்தைச் சுவரில் இழுக்கிற சத்தம். படிக்கட்டுச் சுவரில். கீழ்ப் படியில் தொடங்கி, கொஞ்சம் நின்று, இரண்டு படி மேலே.

"அக்கா?" என்றாள். "நஞ்சம்மாக்கா?"

சரக்.

திரையில் தலைகள் நிமிர்ந்துகொண்டிருந்தன. அவள் கை மடியில் இருந்தது. மூன்றாவது வரிசை முழுதும். பிறகு இரண்டாவது. பிறகு கடைசி வரிசை. ஒன்றுகூடச் சாயவில்லை. ஒன்றுகூட மேடையைப் பார்க்கவும் இல்லை. கழுத்துகள் மெதுவாகத் திரும்பி, எல்லா முகமும் திரைக்கு வெளியே, அவளை, அவளுக்கும் கீழே மேஜைக்கடியைப் பார்த்தன.

மஞ்சள் கவுன் மட்டும் தலை சாய்ந்திருந்தது.

நன்றியுரை முடிந்தது. பாஸ்கரனின் தலைக்கு மேல் ஒரு வரி வந்தது. அவள் தட்டி வைத்த வரி இல்லை.

வந்துட்டோம்.

பக்கத்து நாற்காலியில், வெங்கடம்மாள். வந்துட்டோம். மாரிசாமி. வந்துட்டோம். வரிசை வரிசையாக. பீப். பீப். இடைவெளி குறைந்துகொண்டே வந்தது. பேட்டரி தீரப்போகிறது.

கடைசியாக முதல் வரிசை ஓரத்தில், சாய்ந்த சின்னத் தலைக்கு மேல்.

போறேன்மா.

தமிழ்செல்வி நாற்காலியைத் தள்ளிவிட்டு மேஜைக்கடியில் விழுந்தாள். பிள்ளையை வாரி மடியில் போட்டாள். காய்ச்சல் இல்லை. துளிச் சூடும் இல்லை. "சுவாதி. ஏந்திரி தங்கம். அம்மாட்டி வர்றேன்னு சொல்லு. போறேன்னு சொல்லக் கூடாதுத்தா." தலை மார்பில் சாய்ந்தே கிடந்தது. கன்னத்தைத் தட்டினாள். உலுக்கினாள். ஒன்றும் நடக்கவில்லை.

அவளுக்குத் தெரிந்த வேலை ஒன்றுதான். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். திரையில் மஞ்சள் கவுனைத் தொட்டாள். நீளப் பொத்தானைத் தட்டினாள்.

மடியில் சுவாதியின் தலை நிமிர்ந்தது.

கண் திறந்திருந்தது. அம்மாவைப் பார்க்கவில்லை. தலை மெதுவாகச் சாய்ந்தது.

தட்டினாள். நிமிர்ந்தது. சாய்ந்தது. தட்டினாள். நிமிர்ந்தது.

விரலை எடுக்க முடியாது. இனி எடுக்கவே முடியாது. தூங்கக் கூடாது. கண்ணை மூடக் கூடாது. பீப், பீப், பீப். கரண்ட் வந்துவிடும். மோகன் வந்துவிடுவார். ஷட்டருக்கு வெளியே துடைப்பம் கடைசி இழுப்பு இழுத்து நின்றது. யாரோ ஒரு பெரிய ஈரக் காகிதத்தை நீவி நீவி ஒட்டினார்கள். உள்ளங்கை நாலு மூலையையும் அழுத்துகிற சத்தம்.

பீப் ஒரே நீளமாக இழுத்தது. திரை அணைந்தது.

இருட்டில் அவள் தட்டினாள். மடியில் தலை நிமிர்ந்தது.

சாய்ந்தது.

தட்டினாள். நிமிர்ந்தது.

முதுகுக்குப் பின்னால், காலியாக இருந்த நாற்காலிகளில் ஒன்றிலிருந்து, ஈரக் கையால் யாரோ மெல்லக் கைதட்டினார்கள். பிறகு பக்கத்து நாற்காலி. பிறகு எல்லோரும்.