மூன்றாம் சுற்றின் எட்டாவது கேள்வி

அன்று மாலை எங்கள் பாரில் இருந்தவர்கள் பதினோரு பேர். ஊரில் ஆளுக்கொரு கணக்குச் சொல்வதால் முதலிலேயே இதைத் தெளிவாக்கிவிடுகிறேன். ஜன்னலோர மேசையில் பல் டாக்டரும் அவர் மனைவியும். நடு மேசையில் எதிர்த்தெரு ஆஸ்பத்திரியின் மூன்று நர்ஸுகள். சுவரோர மேசையில் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியாரும், டாக்ஸி ஓட்டும் அவர் மைத்துனரும். கவுண்டருக்குப் பின்னால் மௌனி. வாய் ஓயாமல் பேசுவதால் அவனுக்கு அந்தப் பெயர். மைக்கைப் பிடித்தபடி என் தம்பி மகள். கவுண்டரின் முனையில் என் தம்பி. அவனுக்குப் பக்கத்தில், என் அப்பா உட்கார்ந்த உயர நாற்காலியில், நான்.

இந்தப் பார் என் அப்பா தொடங்கியது. யார் யாரோடு வந்தார், எவ்வளவு குடித்தார், யாரை நினைத்து அழுதார் என்பதெல்லாம் கதவோடு நின்றுவிடும். அது அப்பா வைத்த பழக்கம். அந்தப் பழக்கத்தால்தான் எங்கள் குடும்பத்துக்கு ஊரில் ஒரு மதிப்பு இருந்தது.

எண்பதுகளைப் பற்றி ஒரு வினாடி வினா வைக்கலாம் என்பது தம்பி மகளின் யோசனை. செவ்வாய்க்கிழமைகளில் நாற்காலிகள்தான் நாற்காலிகளைப் பார்த்துக்கொண்டிருக்கும். ஆகவே சரி என்றேன். அவள் சுவரெல்லாம் கேசட் நாடாவைத் தோரணமாகத் தொங்கவிட்டிருந்தாள். தோளில் பஞ்சு வைத்துத் தைத்த சட்டை ஒன்றையும் எங்கிருந்தோ பிடித்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"பழசு விக்கிறதுக்கு நாம என்ன காயலான் கடையா?" என்றேன்.

"இப்ப பழசுக்குத்தான் கூட்டம், பெரியப்பா."

"கூட்டமா? ஏழு பேரு."

"முதல் தடவைதானே. நீங்க கொஞ்சம் சிரிச்சீங்கன்னா எட்டாவது ஆளு தைரியமா உள்ள வருவான்."

தம்பி சிரித்தான். அவளுக்கு முன்னால் மட்டும்தான் அவன் அப்படிச் சிரிப்பான். தாயில்லாப் பெண்ணைத் தனியாக வளர்த்தவன். அவள் அவனை உலகத்திலேயே யோக்கியமான மனிதன் என்று நம்பிக்கொண்டிருந்தாள். அவன் பேரை நாற்பது வருடமாகக் காத்து வந்தவன் நான்.

முதல் இரண்டு சுற்றுகளும் நன்றாகவே போயின. மொட்டை மாடியில் ஆன்டெனாவைத் திருப்புகிறவர் கீழே பார்த்துக் கத்தும் ஒரே வார்த்தை எது என்று கேட்டாள். மூன்று மேசைகளும் ஒன்றாகக் கத்தின: "தெரியுதா?" கேசட்டில் நாடா தளர்ந்தால் எதை விட்டுச் சுற்றுவோம் என்ற கேள்விக்குச் சண்டையே வந்தது.

"பென்சில். இதுல என்ன சந்தேகம்?" என்றார் வாத்தியார்.

"மாமா, நாங்க பேனாவுலதான் சுத்துவோம்," என்றார் மைத்துனர்.

"உன்கிட்ட ஏதுடா பேனா? எட்டாம் கிளாஸ்லயே தொலைச்சவன் நீ."

நர்ஸுகளில் மூத்தவள் சிரித்துச் சிரித்துப் புரையேறினாள். எனக்கும் உதடு கொஞ்சம் அசைந்திருக்கலாம்.

மணி ஏழு முப்பது. வெளியே மழை பிடித்திருந்தது.

"மூணாவது ரவுண்டு ஒரு சர்ப்ரைஸ்," என்றாள் தம்பி மகள். "நான் கேக்கப் போறதில்ல. அந்தக் காலத்து ஆளே கேக்கப் போறாரு." பழைய டேப் ரெக்கார்டர் ஒன்றை ஸ்பீக்கரோடு இணைத்தாள். ஒரு கேசட்டை உயர்த்திக் காட்டினாள். "அப்பாவோட டிரங்குப் பெட்டியில அடியில கெடந்துச்சு. நம்ம பார்லயே அப்ப குவிஸ் நடந்திருக்கு!"

கேசட்டின் மேல் பச்சை மையில், வலப்பக்கம் சாய்ந்த கையெழுத்தில் எழுதியிருந்தது: வினாடி வினா. மூன்றாம் சுற்று.

தம்பியின் கையிலிருந்த கிளாஸ் கவுண்டரில் தடுமாறி உட்கார்ந்தது.

அந்தக் கையெழுத்து யாருடையது என்று இப்போதே சொல்லிவிட வேண்டும். எண்பதுகளில் எங்கள் பாரில் பாட்டுப் போட ஒருவர் இருந்தார். கேசட்காரர் என்று கூப்பிடுவோம். வினாடி வினாவையும் அவர்தான் நடத்துவார். அவருக்குத் திக்குவாய். ஆள் கூட்டத்தைப் பார்த்தால் ஒரு வார்த்தை வெளியே வராது. அதனால் வீட்டிலேயே கதவைச் சாத்திக்கொண்டு கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேசட்டில் பேசிக்கொண்டு வருவார். தனியாகப் பேசும்போது திக்காது. கேள்வி, பிறகு பத்து விநாடி இடைவெளி, பிறகு கண்ணாடி டம்ளரில் ஸ்பூனால் ஒரு தட்டு, பிறகு பதில். அவர் முறை அதுதான்.

"அதப் போடாத," என்றேன்.

அவள் பொத்தானை அழுத்திவிட்டிருந்தாள்.

நாடா இரைந்தது. பிறகு தெளிவான, மென்மையான குரல்.

"வணக்கம். மூன்றாம் சுற்று. முதல் கேள்வி."

முதல் நான்கு கேள்விகள் சாதாரணமானவை. ரேடியோவைப் பற்றி ஒன்று, தலைமுடி அலங்காரத்தைப் பற்றி ஒன்று. மேசைகள் குசுகுசுத்தன. பென்சில்கள் ஓடின. ஸ்பூன் தட்டியது. நான் எழுந்துபோய் நிறுத்தியிருக்கலாம். ஆனால் ஏன் என்று கேட்டால் என்ன சொல்வது? அந்த ஒரு காரணத்துக்காக உட்கார்ந்தே இருந்தேன்.

"ஐந்தாவது கேள்வி. இந்தக் கேசட்டைத் திருடியது யார்?"

வாத்தியார் பென்சிலை நிறுத்தினார். "இது என்ன கேள்வி?"

தம்பி மகள் சிரித்தாள். "காமெடி பண்றாரு போல."

மௌனி முதல் தடவையாக வாயை மூடியிருந்தான்.

நாடா மட்டும் இரைந்துகொண்டிருந்தது. எங்கிருந்தோ ஒரு வாடை வந்தது. கொட்டிப்போன பீரும் ஈரத் துணியும் இரும்பும் கலந்த வாடை. அதை நான் ஒரே ஒரு முறைதான் முகர்ந்திருக்கிறேன்.

ஸ்பூன் தட்டியது.

பாட்டில் உடையும் சத்தம் கேட்டது. எந்தப் பாட்டிலும் உடையவில்லை. என் தம்பியின் இடது கன்னம் காதிலிருந்து உதடு வரை பிளந்தது. அவன் நாற்காலியோடு சரிந்தான்.

"பதில்: முதலாளியின் இளைய மகன்," என்றது குரல்.

அதன்பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். நர்ஸுகள் ஓடிவந்து துண்டை அழுத்தினார்கள். மைத்துனர் கதவுக்கு ஓடினார். தாழ்ப்பாள் உள்ளே போடப்பட்டிருந்தது. அவரும் டாக்டரும் சேர்ந்து இழுத்தும் அது அசையவில்லை. மௌனி மின் ஒயரைச் சுவரிலிருந்து பிடுங்கினான்.

நாடா சுற்றிக்கொண்டே இருந்தது.

"ஆறாவது கேள்வி. என் மேல் முதல் அடி எதனால் விழுந்தது?"

தம்பி மகள் தன் அப்பாவின் தலையை மடியில் வைத்திருந்தாள். "யாரு இது? என்ன கேக்கறாங்க? அப்பா, இவரு யாரு?"

தம்பி என்னைப் பார்த்தான். ரத்தம் துண்டைத் தாண்டி அவள் சட்டையில் இறங்கியது.

"பாட்டில்," என்றான். "பாட்டிலால அடிச்சேன்."

ஸ்பூன் தட்டியது. எல்லோரும் தலையைக் குனிந்தோம்.

ஒன்றும் நடக்கவில்லை.

"பதில் சரி. ஒரு மதிப்பெண்."

உண்மையைச் சொன்னால் அடி விழாது. அங்கே இருந்த எல்லோருக்கும் அது அந்த நிமிடமே புரிந்துவிட்டது. எனக்கும் புரிந்தது.

நடந்தது இதுதான். அந்த முறை பரிசு ஒரு கலர் டிவி. தம்பிக்கு அப்போது இருபத்திரண்டு வயது. கேசட்காரரின் பையிலிருந்து மூன்றாம் சுற்றின் கேசட்டை முந்தின நாளே எடுத்துக் கேட்டுவிட்டு, விடைகளை மனப்பாடம் செய்து வைத்திருந்தான். கேசட்டைக் காணாததால் கேசட்காரர் தாளில் எழுதிய கேள்விகளை வேறு ஒருவர் வாசித்தார். தம்பி எல்லாவற்றுக்கும் சரியாகச் சொன்னான். கேசட்காரர் எழுந்து மைக்கைப் பிடித்தார். "இ... இ... இவன் தி... தி..." என்றார். கூடியிருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவருக்கு அந்த வார்த்தையை முடிக்கவே முடியவில்லை. ஆனால் நாளைக்கு எழுதிக் காட்டுவார். எங்கள் வீட்டில் திருடன் என்ற சொல்லே கிடையாது. எல்லோரும் போன பிறகு அவரை இருக்கச் சொன்னோம். கதவு உள்ளே தாழிடப்பட்டது. தம்பி பாட்டிலை எடுத்தான். பிறகு ஸ்டூலை எடுத்தான். நிலவறைப் படியில் வழுக்கி விழுந்து இறந்துவிட்டார் என்று மறுநாள் சொன்னோம். எங்கள் சொல்லை யாரும் சந்தேகிக்கவில்லை.

"ஏழாவது கேள்வி. மொத்தம் எத்தனை அடி?"

"அப்பா, சொல்லு," என்றாள் அவள். அவள் குரல் மாறியிருந்தது. "எத்தனைப்பா?"

"மூணு... மூணு தடவ."

"நல்லா யோசிங்க சார்," என்று கெஞ்சினாள் மூத்த நர்ஸ். "அவசரப்படாதீங்க."

"மூணுதாம்மா. வேற ஞாபகமில்ல."

அவன் பொய் சொல்லவில்லை. அவனுக்கு உண்மையிலேயே நினைவில்லை. ஆனால் நான் எண்ணியிருந்தேன். ஏழு. அதைச் சொன்னால், நான் அங்கே இருந்து எண்ணிக்கொண்டிருந்தேன் என்றாகிவிடும்.

ஸ்பூன் தட்டியது.

மீதி நான்கும் வரிசையாக விழுந்தன.

முதலாவதில் வலது தோள் இறங்கியது. இரண்டாவதில் விலாவில் காய்ந்த குச்சி முறிவதுபோல் ஒரு சத்தம். மூன்றாவது முழங்காலில். நான்காவது தாடையில். தம்பி மகள் அவன் மேல் கவிழ்ந்து படுத்துத் தடுத்தாள். அடிகள் அவளைத் தொடாமல் அவளுக்குக் கீழே விழுந்தன. அவள் உடம்பு ஒவ்வொரு முறையும் துள்ளியது. டாக்டரின் மனைவி காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கடியில் இருந்தாள்.

"பதில்: ஏழு."



"எட்டாவது கேள்வி. கடைசிக் கேள்வி. கதவைத் தாழ்ப்பாள் போட்டது யார்?"

தம்பியின் தாடை ஒரு பக்கமாகத் தொங்கியது. அவனால் பேச முடியாது. கண் மட்டும் திரும்பியது.

என் பக்கம்.

"பெரியப்பா," என்றாள் அவள். "அப்பா உங்களப் பாக்கறாரு."

வாத்தியார், அவர் மைத்துனர், டாக்டர், மூன்று நர்ஸுகள், மௌனி. எல்லா முகங்களும் என் பக்கம் திரும்பின.

"பெரியப்பா, உங்களுக்குத் தெரியும்ல? சொல்லுங்க! ஒரு வார்த்தைதானே!"

"ஐயா, சொல்லிடுங்கய்யா," என்றான் மௌனி. "நாங்க யார்கிட்டயும் சொல்ல மாட்டோம். கதவத் தாண்டிப் போகாது."

பத்து விநாடி என்பது நீண்ட நேரம். உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். பதில் என் நாக்கின் நுனியில் இருந்தது. வாடிக்கையாளர் ஏழு பேர், வேலைக்காரன் ஒருவன், வீட்டுப் பெண் ஒருத்தி. இவர்கள் முன்னால், என் அப்பாவின் நாற்காலியில் இருந்துகொண்டு.

"பெரியப்பா!"

"எனக்குத் தெரியாது," என்றேன்.

ஸ்பூன் தட்டியது.

என் தம்பியின் தலை மெதுவாகப் பின்பக்கம் திரும்பியது. யாரோ அவசரமில்லாமல், இரண்டு கைகளாலும் பிடித்துத் திருப்புவதுபோல. அவள் அதைத் தன் கைகளால் பிடித்து நிறுத்தப் பார்த்தாள். முடியவில்லை. எலும்பின் சத்தத்தை நான் எழுத மாட்டேன்.

அந்த ஒரு கேள்விக்கு மட்டும் குரல் பதில் சொல்லவில்லை. பொத்தான் டக்கென்று மேலே எழும்பியது. தாழ்ப்பாள் தானாக விலகி, மழைக்காற்றில் கதவு திறந்துகொண்டது.

போலீஸார் கேசட்டை எடுத்துப்போய்க் கேட்டார்கள். இரண்டு பக்கமும் வெற்று நாடா. பதினோரு பேரில் உயிரோடிருந்த பத்துப் பேரும் ஒரே மாதிரி சொன்னதால், ஏதும் எழுதத் தெரியாமல் விபத்து என்று எழுதிக்கொண்டார்கள். தம்பி மகள் ஊரை விட்டுப் போய்விட்டாள். போகும்போது அவள் என்னைத் திட்டவில்லை. "நீங்க எண்ணிட்டுதான் இருந்தீங்க, பெரியப்பா. உங்க உதடு அசைஞ்சுச்சு," என்று மட்டும் சொன்னாள்.

பாரை மூடிவிட்டேன். மாடியில் தனியாக இருக்கிறேன். செவ்வாய்க்கிழமைகளில் மாலை ஏழே முக்காலுக்குக் கீழே நாடா இரைகிறது. டேப் ரெக்கார்டரை நானே சுத்தியலால் உடைத்துக் குப்பையில் போட்டேன். ஆனாலும் இரைகிறது. அதே எட்டாவது கேள்வி. பத்து விநாடி. பிறகு டம்ளரில் ஒரு தட்டு. ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு விரல் முறிகிறது. இடது கையில் ஐந்தும் முடிந்துவிட்டன. கட்டுப் போட வந்த மூத்த நர்ஸ் ஏதும் கேட்கவில்லை. நேற்று வலது கையின் சுண்டுவிரல். அதைத் தாங்கிப் பிடித்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

விரல்களுக்காக இதை எழுதவில்லை. கடைசிக் கேள்விக்குப் பதில் வராததால், ஊரில் அவரவர் ஒரு பதிலை வைத்துக்கொண்டார்கள். தாழ்ப்பாள் போட்டது முதலாளிதான், அதாவது என் அப்பாதான், அதைக் காட்டிக்கொடுக்க மனமில்லாமல்தான் பெரிய மகன் வாயை மூடிக்கொண்டான் என்று டீக்கடை வரை பேச்சு.

அது பொய். என் அப்பா அந்த வாரம் முழுவதும் கால் முறிவுக் கட்டோடு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். கேசட்காரர் படியில் விழுந்தார் என்றே கடைசிவரை நம்பி, அவருக்காக அழுது, அப்படியே கண்ணை மூடினார். தாழ்ப்பாளைப் போட்டவன் நான்.