பழுக்காமல் விழுந்த இலை

முதலில் விழுந்தது ஒரு பச்சை இலை.

பழுத்தது விழுந்தால் பெருக்கித் தள்ளிவிட்டுப் போகலாம். இது விழுகிற வயசு இல்லாத இலை. காற்றே இல்லாத காலையில் நாவல் மரத்திலிருந்து சுழன்று வந்து அவள் காலடியில் விழுந்தது. ஓரம் மட்டும் தீய்ந்திருந்தது, இஸ்திரிப் பெட்டி பட்ட துணி மாதிரி.

“என்னங்க, மரம் பச்சையாவே இலையை விடுது.”

“காத்துக்கு விழுந்திருக்கும்.”

“காத்து எங்க அடிச்சுது?”

கணவன் தண்ணீர்ச் சொம்பை அண்ணாந்து மடமடவென்று குடித்தான். காலையிலிருந்து நாலாவது சொம்போ, ஐந்தாவதோ.

மரம் அவள் அப்பா வைத்தது. வீடும் அவர் கொடுத்ததுதான். கணவனுடையது என்று அங்கே இருந்தது அந்தப் புதுக் கார் ஒன்றுதான். பழம் விழுகிற காலத்தில் வெள்ளைக் கார் முழுக்க ஊதாக் கறை. “உங்கப்பன் செத்தும் என் மேல துப்புறாரு” என்பான். உயிரோடிருக்கும் மரத்தை வெட்ட நகராட்சி விடாது. பட்டுப்போனால் விடும். இதைக் கொழுந்தன் போனில் அண்ணனுக்குச் சொல்லிச் சிரித்ததை அவள் காதாலேயே கேட்டிருக்கிறாள்.

அன்றிலிருந்து அவள் கண் மரத்தை விட்டு நகரவில்லை. உச்சிக் கிளைகள் மொட்டையாகின. புதிதாக வந்த இலைகள் சின்னதாக, வெளிறி, சோகை பிடித்து வந்தன. பிறகு ஒரு நாள், காலமே இல்லாத காலத்தில், மரம் முழுக்கப் பூ.

“அடேயப்பா, என்னா பூ! உரம் போட்டியா?” என்றாள் மதிலுக்கு அந்தப் பக்கத்து அக்கா.

“அணையப் போற விளக்கு இது, அக்கா. சாகப் போற மரம்தான் இப்படிப் பூக்கும்.”

“வாயைக் கழுவு.”

அடிமரத்துப் பட்டை வெடித்து, கறுப்பாக நீர் கசிந்தது. மோந்து பார்த்தாள். புளித்த வாடை. அதே வாடை படுக்கையறையிலும் அடித்தது. கணவனின் குதிகால் வெடிப்பு நீர்விட்டு விரிப்பெல்லாம் கறை. “செருப்புப் போட்டு நடங்கன்னா கேக்குறீங்களா?” என்று கத்திக்கொண்டே ஊற வைத்தாள். தலையணையில் கொத்துக் கொத்தாக முடி கிடந்தது. வயசு என்று உதறிவிட்டு மரத்தடிக்கு ஓடினாள்.

பல் ஆஸ்பத்திரியில் டாக்டருக்குப் பக்கத்தில் நின்று பாதி ஆயுள் போயிருந்தது அவளுக்கு. சொத்தைப் பல்லும் நல்ல பல்லும் தட்டினால் வேறு வேறாகப் பேசும். சுத்தியலின் மரப்பிடியால் மரத்தைச் சுற்றித் தட்டினாள். மேலே, கெட்டி. கீழே வரவர, டொக். டொக். உள்ளே ஒன்றுமில்லாத சத்தம்.

“என்ன, வேர் சிகிச்சையா?” கணவன் வாசல்படியில் நின்று கேட்டான். சிரிக்கப் பார்த்தான். உதடு வறண்டு பிளந்திருந்தது.

அவள் குனிந்து பார்த்தாள். அடிமரத்தைச் சுற்றி யாரோ மண்ணை அணைத்து வைத்திருந்தார்கள். அவள் அணைக்கவில்லை. கையாலேயே பறித்தாள். நகத்தில் வழவழப்பாக ஏதோ ஏறியது. பச்சை. வாசனை. குளியலறைச் சோப்பு.

மரத்தைச் சுற்றி இடுப்பில் ஒட்டியாணம் போட்ட மாதிரி துளைகள். விரல் பருமன். ஒவ்வொன்றிலும் சோப்பைத் திணித்து அடைத்திருந்தது. வாரத்துக்கு ஒரு சோப்பு எங்கே கரைகிறது என்று வேலைக்காரியைச் சந்தேகப்பட்டாளே, பாவி!

பொழுது சாய்ந்து கொண்டிருந்தது. கை முழுக்க மண்ணோடு உள்ளே போனாள்.

“நீங்கதானா?”

அவன் நாற்காலியில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். தரையில் காலிக் குடம்.

“கேக்குறேன்ல? வாயில என்ன, கொழுக்கட்டையா?”

“நான்தான்.” காய்ந்த குரல். “மரம் பட்டுப்போக தம்பி மருந்து வாங்கிக் குடுத்தான். துளை போட்டு ஒரு தடவை ஊத்தி அடைச்சுட்டா போதும்னான்.”

“அடப்பாவி! என் கூடப் பொறந்த மாதிரிடா அது! கறைக்காகவா? ஒரு தகரத்துக்கு மேல விழுந்த கறைக்காகவா?”

“கொஞ்சம் கேளு.”

“எத்தனை நாளா என் மூஞ்சியைப் பாத்துக்கிட்டே காத்து காத்துன்னு சொன்ன?”

“கேளுடி. அது சாகலை. குடிக்குது. எவ்வளவு ஊத்தினாலும் மறுநாள் துளை காலி. நான் நிறுத்திட்டேன். நிறுத்தினப்புறமும்…” மூச்சு வாங்கினான். “எனக்குத்தான் தாகம் எடுக்குது.”

“நடிக்காதே!”

கோபத்தில் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

டொக்.

கை அப்படியே நின்றது.

இன்னொரு முறை தட்டினாள். மெதுவாக. விரல் மடக்கி. தோளில், கெட்டி. கீழே வரவர, டொக். டொக்.

தலையணை முடி. விரிப்புக் கறை. புளித்த வாடை. எல்லாம் அவள் பார்த்ததுதான். பார்த்துவிட்டு மரத்தடிக்கு ஓடினவள்தான்.

பனியனைத் தூக்கினாள்.

இடுப்பைச் சுற்றித் துளைகள். விரல் பருமன். ஒவ்வொன்றிலும் பச்சைச் சோப்பு.

“ஒண்ணை எடுத்து விடேன்,” என்றான் அவன், குழந்தை மாதிரி. “உள்ள காத்து இல்லை.”

கொண்டை ஊசியால் நெம்பினாள். சோப்பு தரையில் விழுந்தது. ரத்தம் இல்லை. உள்ளே இருட்டு. மரத்தூள் கொஞ்சம் கொட்டியது.

ஜன்னலுக்கு வெளியே மொட்டைக் கிளைகள். அதன் நுனிகளில், இன்று காலை இல்லாத, இளஞ்சிவப்புக் கொழுந்து. ஒன்று. இன்னொன்று. பார்க்கப் பார்க்க.

அவள் அதைப் பார்த்தாள். அவன் முதுகைப் பார்த்தாள். குனிந்து சோப்பை எடுத்தாள்.

“என்ன பண்றே?”

“மூடுறேன்.”

துளைக்குள் வைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு, கட்டைவிரலால் அழுத்தினாள். இருக்கிற ஆத்திரத்தையெல்லாம் சேர்த்து அழுத்தினாள். சோப்பு உள்ளே போனது. விரலும் போனது.

இழுத்தாள். வரவில்லை.

உள்ளே எதுவோ விரலைச் சுற்றிக்கொண்டிருந்தது. மெல்லிசாக. நார் நாராக. ஈரமில்லாமல்.

உறிஞ்சியது.

“என்னங்க…”

வெகு நாளைக்குப் பிறகு, அவன் தாகம் தீர்ந்தவன் போல, நீளமாக ஒரு மூச்சு விட்டான்.

ஜன்னலில் இன்னொரு கொழுந்து விரிந்தது. காற்றே இல்லாத அறையில், அவள் தலையிலிருந்து நரைக்காத ஒரு கொத்து முடி, கன்னங்கரேலென்று, சுழன்று சுழன்று அவன் தோளில் வந்து விழுந்தது.